மூன்றாவது வரியில் ரயில் போகும்

ஹெட்போனுக்குள் இரண்டு வரி ஓடியது. மூன்றாவது வரி பாதியில் சட்டென்று நின்றுவிட்டது. தாளம் இல்லை, கிட்டார் இல்லை, மூச்சுச் சத்தம்கூட இல்லை. அப்புறம் நின்ற இடத்திலிருந்து இரண்டு படி கீழே இறங்கி மறுபடி எடுக்க வேண்டும்.

பின்பாட்டுக்கு நாங்கள் மூன்று பெண்கள். மற்ற இருவரும் பொறுக்க முடியாமல் முன்னாலேயே எடுத்துவிட்டார்கள். நான் மட்டும் சரியான இடத்தில் எடுத்தேன். எனக்கு யாரும் அதைச் சொல்லித் தந்திருக்கவில்லை. அந்தப் பாட்டை நான் கேட்பதே அன்றைக்குத்தான் முதல் தடவை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த இசையமைப்பாளர் ஊ சோ லைங் மைக்கில் சிரித்தார்.

"டோ தன் தன் ஏ ஒருத்தங்கதான் ஒழுங்கா எண்ணுறாங்க. மத்தவங்களும் எண்ணுங்கம்மா."

நான் எண்ணவேயில்லை. ரயில் போகட்டும் என்று காத்திருந்தேன்.

(போன வாரம் விளக்காமல் விட்டதற்கு மதுரை வாசகர் ஒருவர் கோபித்துக்கொண்டார். ஆகவே இப்போதே சொல்லிவிடுகிறேன். இங்கே யாங்கூனில் பெரியவர்கள் பெயருக்கு முன்னால் மரியாதைக்கு 'ஊ' வரும். பெண்கள் என்றால் 'டோ'. சின்ன வயசுப் பெண்களுக்கு 'மா'. டோ தன் தன் ஏ என்பது அடியேன்தான். வீட்டில் தனலட்சுமி. இரண்டு பெயர் எதற்கு என்பது இந்த வாரக் கதையிலேயே வருகிறது.)

கேட் சாத்தியிருந்த நேரம்

காலமான என் அப்பா யாங்கூன் ஓரத்து இன்சீன் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தார். நல்ல குரல், ஆனால் சங்கோஜி. மேடை ஏற மாட்டார். அதனால் தான் பாடாமல் மற்றவர்கள் பாட மெட்டுக் கட்டினார். எங்கள் மாரியம்மன் கோயிலுக்கு முளைப்பாரி எடுக்கும் பெண்கள் பாடுவதற்கு ஒரு கும்மி கட்டிக் கொடுத்தார்.

ஊர்வலம் கோயிலிலிருந்து புறப்பட்டுத் தண்டவாளத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போக வேண்டும். வருஷா வருஷம் சரியாக நாங்கள் ரயில்வே கேட்டுக்கு வரும்போதுதான் ஊரைச் சுற்றி ஓடும் வட்ட ரயிலும் வரும். கேட்டைச் சாத்திவிடுவார்கள். தலையில் முளைப்பாரியோடு அத்தனை பெண்களும் நிற்க வேண்டும். பாதியில் நின்ற பாட்டை மறுபடி எடுக்கும்போது ஆளுக்கொரு சுருதியில் எடுப்பார்கள். கேட்கச் சகிக்காது.

அப்பா பட்டறைக்காரர். ஒரு பாகம் பொருந்தவில்லை என்றால் ராவி எடுத்துப் பொருத்துகிறவர். மூன்றாவது வரியின் நடுவிலேயே ஒரு நிறுத்தத்தை வைத்துவிட்டார். 'ஆத்தா வாரா, தண்டவாளம் தாண்டி' என்பதில் தண்டவாளத்தோடு நின்றுவிட வேண்டும். ரயில் போன பிறகு, கீழ் சுருதியில், எல்லோருக்கும் எட்டுகிற இடத்தில் 'தாண்டி' என்று எடுக்க வேண்டும். அதற்கப்புறம் பாட்டு குலைந்ததே இல்லை. ரயில் வராத வருஷத்திலும் பெண்கள் அந்த இடத்தில் நின்று, வராத ரயிலைப் போகவிட்டுத்தான் பாடினார்கள்.

அந்த நிறுத்தத்தைத்தான் அன்றைக்கு ஹெட்போனில் கேட்டேன். வார்த்தைகள் பர்மியம். மெட்டு என் அப்பாவுடையது. நிறுத்தம், சந்தேகமே வேண்டாம், எங்கள் கேட்.

சட்டைக் காலர் தைத்தவள்

அது என்ன பாட்டு என்று இன்னும் சொல்லவில்லையே. பல நாட்டுத் தொலைக்காட்சிகள் சேர்ந்து நடத்தும் பாட்டுப் போட்டி ஒன்றில் எங்கள் நாடு முதன்முதலாகக் கலந்துகொள்ளப் போகிறது என்று அந்த வருஷம் அறிவித்தார்கள். ஒவ்வொரு நாடும் அதனதன் ஊரிலிருந்தே நேரலையில் பாடலாம். விமானச் செலவு மிச்சம் என்பதால்தான் எங்களையும் சேர்த்துக்கொண்டார்கள் என்று டீக்கடையில் கேலி பேசினார்கள். பேசினவர்கள்தான் தேர்வுச் சுற்றுகளை ஒன்றுவிடாமல் பார்த்தார்கள்.

தேர்வில் ஜெயித்தவள் மா கேதி. ஐராவதி டெல்டாவிலிருந்து யாங்கூனின் லைங் தாயா பகுதிக்கு வேலைக்கு வந்து, ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் ஐந்து வருஷம் சட்டைக் காலர் தைத்தவள். தையல் மெஷின் இரைச்சலுக்கு மேலே பாடிப் பழகினவள் என்பதால் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ அடக்கிப் பாடினாள். தன் காதுக்குக் கேட்டால் போதும் என்றுதான் அங்கே பாடினாளாம். பாடும்போது வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டிக்கொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியாத காலர் ஒன்றின் ஓரத்தைத் தடவிப் பார்க்கிறாள் என்று இரண்டாம் நாள்தான் புரிந்தது.

எத்தனையோ பாடகிகளுக்குப் பின்னால் நின்றிருக்கிறேன். பகலில் பசுந்தாங் பகுதியில் ஒரு பல் மருத்துவரிடம் டோக்கன் கொடுப்பது என் வேலை, மற்ற நேரத்தில் பின்பாட்டு. முன்னால் நிற்பவர்களின் முதுகைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன். மா கேதியின் முதுகில் கர்வமும் இல்லை, பயமும் இல்லை. நான் அவளை விட இருபது வயசு மூத்தவள். அவள் முன்னால் நின்று பாடியபோது எனக்கு உள்ளுக்குள் மரியாதை வந்துவிட்டது.

தொழிற்சாலையில் லீவு தரவில்லை என்று அவள் வேலையை விட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள். இந்தப் பாட்டு இல்லையென்றால் அவளுக்குத் திரும்பிப் போக இடம் இல்லை. அதையும் அவளே சாதாரணமாகச் சொன்னாள்.

சொல்லவா, வேண்டாமா

யாங்கூனில் வெளிநாட்டு மெட்டுக்குப் பர்மிய வார்த்தை போட்டுப் பாடுவது ரொம்ப காலத்து வழக்கம். காப்பிப் பாட்டு என்றே சொல்வோம், யாரும் தப்பாக நினைப்பதில்லை. கல்யாண மண்டபங்களில் நானே எத்தனையோ பாடியிருக்கிறேன். ஆனால் இந்தப் போட்டியில் அது செல்லாது. மெட்டு சொந்த மெட்டாக இருக்க வேண்டும், இல்லையென்றால் நாட்டையே நீக்கிவிடுவார்கள். முதல் கூட்டத்தில் தொலைக்காட்சி அதிகாரியம்மா இதை மூன்று முறை சொன்னார். அதனால்தான் ஊ சோ லைங்கைக் கூப்பிட்டிருந்தார்கள். வாழ்க்கையில் ஒரு காப்பிப் பாட்டும் போடாத மனிதர் அவர்.

அவரிடம் போய், இது என் அப்பா மெட்டு என்று எப்படிச் சொல்வது? சொன்னால் அவர் மானம் போகும், மா கேதியின் வாய்ப்பு போகும், நாட்டின் முதல் பாட்டு போகும். சொல்லாவிட்டால் என் அப்பா கட்டின ஒரே பாட்டு அவர் பெயர் இல்லாமல் உலகம் சுற்றும். ஒரு வாரம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பல் மருத்துவர் என் பல்லைப் பரிசோதிக்கிறேன் என்றார்.

கடைசியில் மா கேதியிடம்தான் சொன்னேன். ஒத்திகை முடிந்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். அவள் பாடச் சொன்னாள். மேஜையில் விரலால் தட்டிக்கொண்டு தமிழில் பாடிக் காட்டினேன். நிறுத்தம் வந்தபோது அவளும் என்னோடு நின்றாள், சரியான இடத்தில் என்னோடு எடுத்தாள். டீயைக் கலக்கிக்கொண்டே சொன்னாள்.

"சயாகிட்ட நாளைக்கே சொல்லிடுங்க மமா. நானும் கூட வர்றேன்."

சயா என்றால் வாத்தியார், மமா என்றால் அக்கா. பாட்டு போய்விட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். வேறு தொழிற்சாலை இருக்கிறது, காலர் தைக்க மறக்கவில்லை என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு தியாகமும் தெரியவில்லை. பஸ் போனால் அடுத்த பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்கிற முகம்தான். நான் ஒரு வாரம் தவித்ததை அவள் ஒரு டீயில் முடித்துவிட்டாள்.

ஊ சோ லைங் கேட்டுக்கொண்டிருந்தார்

அவர் வீடு இன்சீனில், எங்கள் பழைய கேட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. அங்கேயே பிறந்து வளர்ந்தவர் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நான் பாடி முடிக்கும் வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று வாசல் பக்கமாகவே உட்கார்ந்திருந்தேன்.

"இன்னொரு தடவை பாடுங்க" என்றார்.

பாடினேன். மூன்றாவது வரியில் கண்ணை மூடிக்கொண்டார்.

"அந்தக் கேட்டுல நானும் நின்னுருக்கேன். உங்க சனத்துக்கு எதிர்ப்பக்கம். அது எனக்கா தோணினதுன்னு இத்தனை நாளா நம்பிட்டிருந்தேன், டோ தன் தன் ஏ."

வேறு யாராக இருந்தாலும் மறுத்திருப்பார்கள். மெட்டு எங்கே எழுதி வைத்திருக்கிறது, சாட்சி யார் என்று கேட்டிருக்கலாம். என்னிடம் ஒரு தாள்கூடக் கிடையாது. அவர் எழுந்து போய்த் தொலைக்காட்சிக்குப் போன் செய்தார். தன் மெட்டில் பாதி வேறொருவருடையது என்று என் காதுபடச் சொன்னார். அந்த ஒரு போனுக்காகவே அவர் போடும் எந்தப் பாட்டுக்கும் கூலி இல்லாமல் பாடுவேன் என்று அன்றைக்கு மனசில் நினைத்துக்கொண்டேன். இதுவரை அவர் கூலி கொடுக்காமல் விட்டதில்லை.

மூன்று நாள் யாரும் தூங்கவில்லை. நாலாம் நாள் போட்டிக்காரர்களிடமிருந்து பதில் வந்தது. அந்தக் கும்மி எங்கேயும் பதிவானதில்லை, விற்கப்பட்டதில்லை. ஆகவே மெட்டுக் கட்டினவர் பெயரையும் சேர்த்து, அவர் வாரிசு கையெழுத்துப் போட்டால் பாட்டு செல்லும் என்றார்கள்.

கை எழுதிய பெயர்

அதிகாரியம்மா படிவத்தை நீட்டினார். மெட்டு அமைத்தவர் என்ற இடத்தில் நான் எழுதினேன்: ஊ ம்யா மௌங். கையெழுத்துப் போட்டேன். அவர் அடையாள அட்டையோடு ஒத்துப் பார்த்து, சரி என்றார்.

இந்த இடத்தில் தமிழ்நாட்டு வாசகர்கள் குழம்புவீர்கள். எங்களில் பெரும்பாலோருக்கு இரண்டு பெயர். பள்ளிக்கூடம், அடையாள அட்டை, சம்பளப் பட்டியல் எல்லாவற்றுக்கும் ஒரு பர்மியப் பெயர். வீட்டுக்கும் கோயிலுக்கும் ஒரு தமிழ்ப் பெயர். யாரும் அடித்து மாற்றச் சொன்னதாகச் சொல்ல முடியாது. இருந்தால் வரிசையில் சீக்கிரம் நகரலாம், அவ்வளவுதான். படிவம் என்று ஒன்றைக் கண்டால் எங்கள் கை அந்தப் பெயரைத்தான் எழுதும். அதற்கு மூளையைக் கேட்கிற பழக்கம் இல்லை.

நல்ல செய்தியை இன்சீனிலேயே இருக்கும் என் அக்காவிடம் சொல்ல அன்றைக்கே வட்ட ரயிலில் இன்சீன் போனேன். ஸ்டேஷனுக்கு முன்னால் எங்கள் கேட் வந்தது. சாத்தியிருந்தது. சைக்கிளோடும் கூடையோடும் சனங்கள் ரயில் போகட்டும் என்று நின்றுகொண்டிருந்தார்கள். ஜன்னல் வழியாக அவர்களைப் பார்த்தபோதுதான் நான் எழுதிக் கொடுத்த பெயர் உறைத்தது. ம்யா மௌங் என்று ஒருத்தரை அந்தக் கேட்டில் யாருக்கும் தெரியாது. பட்டறையில் சம்பளம் வாங்கினவர் அவர். பாட்டுக் கட்டினவர் முத்துக்கருப்பன். அப்பாவின் பெயருக்காக இவ்வளவு பேரை அலைக்கழித்துவிட்டு, கடைசியில் அந்தப் பெயரை நானே எழுதாமல் வந்திருக்கிறேன்.

மறுநாள் காலையிலேயே அதிகாரியம்மா முன்னால் போய் நின்றேன். பட்டியல் போய்விட்டது, இனி ஓர் எழுத்தும் மாற்ற முடியாது என்றார். கெட்டவர் இல்லை, படிவத்துக்குப் பயப்படுகிறவர். அட்டையில் இருப்பதுதானே சரியான பெயர், இதில் என்ன குறை என்று உண்மையாகவே புரியாமல் கேட்டார். அதிகாரி முன்னால் நின்றால் எனக்குக் குரல் தானாக இறங்கிவிடும். அதுவும் பட்டறைப் பிள்ளைகளுக்குக் கூடப் பிறந்தது. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

மா கேதியிடம் சொல்லிவிட்டு, போகட்டும் விடு என்றேன். அவள் முத்துக்கருப்பன் என்பதை எப்படிச் சொல்ல வேண்டும் என்று மட்டும் கேட்டாள். இரண்டு முறை சொன்னேன். திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். பர்மியர்களுக்கு 'ர' சுலபத்தில் வராது, 'ய' ஆகிவிடும். மூத்துக்கயுப்பன் என்றாள். அந்த வாரத்தில் நான் சிரித்தது அப்போது ஒருமுறைதான்.

மழையும் ஜெனரேட்டரும்

போட்டி ஒரு சனிக்கிழமை பிற்பகல். வாடகைக்கு எடுத்த மண்டபத்தின் தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. வழக்கம்போல மின்சாரம் இல்லை. ஜெனரேட்டர் பக்கத்தில் இரண்டு பேர் டீசல் கேனோடு தயாராக உட்கார்ந்திருந்தார்கள். கேமராக்காரர்கள்கூட நல்ல பட்டு லொன்ஜி கட்டி வந்திருந்தார்கள்.

ஒப்பனை அறையில் மா கேதி கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்தை வட்டமாகத்தான் பூசுவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். ஒப்பனைக்காரப் பெண் தோற்றுப் போனாள். கண்ணாடியைப் பார்த்து மா கேதி எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பாட்டு வரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மேடைக்கு வந்ததும் மண்டியிட்டு மூன்று முறை கும்பிட்டாள். இங்கே பாடுகிற யாரும் அதைச் செய்யாமல் தொடங்க மாட்டார்கள். கண்டம் விட்டுக் கண்டம் ஏதோ ஒரு நகரத்தில் நிகழ்ச்சி நடத்துகிறவர், திரையில் எங்கள் நாட்டின் பெயரைச் சொன்னார். அந்த மேடையில் அந்தப் பெயர் முதல் தடவையாக வருகிறது. ஒலி பிடிப்பவர் வேலையை மறந்து கையைக் கூப்பிவிட்டார். இந்த நாட்டில் எனக்கு எத்தனையோ மனக்குறைகள் உண்டு. அந்த நிமிஷம் ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை. எனக்கும் கண் நிறைந்துவிட்டது, அதை மறைத்து எழுதுவானேன்.

பாட்டுக்கு முன்னால் ஒரு வணக்கம் சொல்லலாம். அதிகாரியம்மா அதை ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்திருந்தார். மா கேதி எழுத்துப் பிசகாமல் சொன்னாள். முடிந்தது என்று நினைத்தோம். அவள் மூச்சு வாங்கிக்கொண்டு, அட்டையில் இல்லாததைப் பர்மிய மொழியில் சொன்னாள்.

"இந்தப் பாட்டைச் செஞ்சவங்க ஊ சோ லைங், இன்சீன் ஊ மூத்துக்கயுப்பன்."

நான் அவளுக்கு மூன்றடி பின்னால் நின்றிருந்தேன். திரையின் அடியில் அதே நேரம் எழுத்து ஓடியது: சோ லைங், ம்யா மௌங். அதிகாரியம்மா வாயைப் பொத்திக்கொண்டார். இசை தொடங்கிவிட்டது.

அவள் பாடினதை எழுதிக் காட்டும் திறமை எனக்கில்லை. விரல்கள் மட்டும் காலர் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தன. மூன்றாவது வரி வந்தது, நின்றது. மண்டபத்தில் மழையும் ஜெனரேட்டரும் கேட்டன. எத்தனையோ நாடுகளில் முகம் தெரியாத ஜனங்கள் அந்த நேரம் எங்கள் கேட்டுக்கு முன்னால் நின்றார்கள். ரயில் போனது. மற்ற இரண்டு பெண்களும் மிகச் சரியாக எடுத்தார்கள். நான்தான் போன ரயிலைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். என் அப்பா கட்டின அந்த ஓர் இடத்தை அன்றைக்கு நான் மட்டும் பாடவில்லை.

கடைசிக்கு முந்தின இடம் கிடைத்தது. எங்களுக்குக் கீழேயும் ஒரு நாடு இருக்கிறது என்று டீக்கடையில் பட்டாசு வெடிக்காத குறை. ஊ சோ லைங் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். மா கேதி கேட்டு வாங்கி, மீன் குழம்பு ஊற்றிய மொஹிங்கா சேமியா இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள். அவள் கிண்ணத்தில் என் பங்கு முட்டையை எடுத்து வைத்தேன்.

கயிற்றில் வந்த பத்திரிகை

எங்கள் வீடு பசுந்தாங்கில் நாலாவது மாடி. இங்கே எல்லா பால்கனியிலிருந்தும் ஒரு கயிறு தெருவரைக்கும் தொங்கும், நுனியில் கிளிப், மேலே மணி. மறுநாள் காலை மணி அடித்ததும் கயிற்றை இழுத்துப் பத்திரிகையை எடுத்தேன். முதல் பக்கத்தில் மா கேதியின் படம். கீழே, நாட்டின் முதல் பாட்டை உருவாக்கியவர்கள் மூவர் என்று போட்டிருந்தார்கள். ஊ சோ லைங், ஊ ம்யா மௌங், இன்சீன் ஊ மூத்துக்கயுப்பன். நிருபர் திரையையும் பார்த்திருக்கிறார், காதாலும் கேட்டிருக்கிறார், இரண்டையும் கூட்டிவிட்டார்.

அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது. அதிகாரியம்மா. ராத்திரி முழுக்கக் கவலைப்பட்டிருப்பார், பாவம். அவர் கையில் இருக்கும் படிவத்தில் இரண்டே பெயர், பத்திரிகையில் மூன்று.

"ஊ ம்யா மௌங் உங்க அப்பான்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அப்ப அந்த மூணாவது ஆள் யாருங்க?"

சுவரில் அப்பா படம். பட்டறைச் சட்டை, நெற்றியில் திருநீறு. எனக்கு அன்றைக்குக் குரல் இறங்கவில்லை.

"அவரும் எங்கப்பாதாங்க" என்றேன்.